விளக்கம் சாரும் ஹெல்மெட் போட்ட சாமியும்

காரைக்கால் மண்ணில் பிறந்தவர்களிலேயே ஒரு நகைச்சுவைக்குக்கூடச் சிரிக்காதவர் எங்கள் அலுவலக விளக்கம் சார் ஒருவர்தான். யானையும் எறும்பும் ஸ்கூட்டரில் போன கதையைச் சொன்னால், “ஸ்கூட்டர் யார் பேர்ல இருக்கு? கொஞ்சம் விளக்குங்க” என்பார். விளக்கி முடிப்பதற்குள் ஜோக்கின் உயிர் போய்விடும்.

ஒருமுறை பெரிய அதிகாரி, மாமியார் கிணற்றில் விழுந்த ஜோக்கைச் சொன்னார். அதிகாரியாயிற்றே, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். விளக்கம் சார் மட்டும் எழுந்து, “அந்தம்மா பொழச்சிட்டாங்களா சார்?” என்று கேட்டார். அன்று பேச்சை மாற்ற டீ சீக்கிரமே வந்துவிட்டது.

நான் அங்கே ஒப்பந்த ஊழியன். ஓய்வு நேரத்தில் கார்ட்டூன் போடுவேன். மாங்கனித் திருவிழாவில் சாமி வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் எறிவார்கள் அல்லவா? அதற்கு நடுவே சாமி ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வருவதாக வரைந்து வாட்ஸ்அப்பில் விட்டேன். மறுநாளே நான்கு இளைஞர்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள்.

“எவன்டா அத வரைஞ்சது? வீடியோவுல மன்னிப்பு கேக்கணும். இல்லன்னா இங்க வேல பாக்க முடியாது!”

விளக்கம் சார் நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

“ஒக்காருங்க தம்பி. இதுல என்ன தப்பு? கொஞ்சம் விளக்குங்க.”

“சாமிக்கு ஹெல்மெட் மாட்டியிருக்கான் சார்!”

“ஏன் மாட்டணும்?”

“மாம்பழம் மேல விழுதுல்ல, அதான்.”

“யாரு எறியறாங்க?”

“நாமதான்… மாடிலேர்ந்து.”

“சாமி மேலயா?”

“சேச்சே! குறி தவறிச்சுன்னா எப்பவாச்சும் படும்.”

“அப்ப ஹெல்மெட் நல்லதுக்குத்தானே? எனக்குப் புரியல. மொதல்லேர்ந்து சொல்லுங்க.”

மூன்றாம் முறை விளக்கும்போது ஒருவன், “போன வருஷம் நான் எறிஞ்ச பழம் குருக்கள் தோள்ல பட்டுடுச்சுடா” என்று சொல்லி, அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். மற்றவர்களும் சிரித்தார்கள். ஜோக்கைக் கொல்கிற அதே கையால் மனிதர் கோபத்தையும் கொன்றுவிட்டார். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

“ரொம்ப நன்றி சார். உங்களுக்கு அது தப்பாவே தெரியல பாருங்க!” என்றேன் உற்சாகமாக.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பாத்ததுமே மனசு கஷ்டமாப் போச்சு தம்பி. எம் பொண்ணுக்கு இன்னும் புள்ள இல்ல. அந்தப் பழத்தச் சாப்ட்டா புள்ள பொறக்கும்பாங்க. ஒண்ணு கெடைக்காதான்னு வருஷா வருஷம் கூட்டத்துல கையேந்தி நிக்கிறவன் நான்.”

“அப்பறம் ஏன் சார் எனக்காகப் பேசுனீங்க?”

“என் வருத்தத்த ஒங்ககிட்ட சொல்லிக்கலாம். ஒங்கள அடிச்சிருந்தாங்கன்னா, நான் யாருகிட்ட போயி சொல்லுவேன்?”

மிரட்டியபோது அழிக்க மனம் வராத படத்தை அப்போதே அழித்தேன். இன்றும் கார்ட்டூன் போடுகிறேன், சாமிகளையும் விடுவதில்லை. கேலியின் எல்லை எதுவென்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் மாங்கனித் திருவிழா வந்தால் கூட்டத்தில் அவருக்குப் பக்கத்தில் நானும் கையேந்தி நிற்கிறேன், அவர் மகளுக்காக.