இரண்டு பேர் உட்காரும் கெஸிபோ

உத்திரமேரூர்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தேவகிக்கு, புருஷோத்தமன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாடுகளும் சௌக்கியம். அங்கே நீயும் கீதாவும் மாப்பிள்ளையும் பேத்தியும் நன்றாயிருக்க மாகறல் ஈஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய். சில விஷயங்களை மாப்பிள்ளை காதுபடச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் கடிதம்.

மகள் பிரசவத்துக்கென்று மூன்று மாதம் சொல்லிவிட்டுப் புனே போனாய். எட்டு மாதம் ஆகிறது. மாசியில் பேசும்போது, "இங்க தோட்டத்துல கெஸிபோன்னு ஒண்ணு கீது, சாயங்காலம் அதுல ஒக்காந்தா எழுந்திருக்கவே மனசு வர்ல" என்றாய். நீ திரும்பாததற்குக் காரணம் அதுதான் என்று முடிவு செய்தேன். நீ அனுப்பிய போட்டோவை வெல்டிங் சாம்சனிடம் காட்டி, கொய்யா மரத்துப் பக்கம் எட்டுக் கால், கூம்புக் கூரை, நடுவில் இரண்டு பேர் உட்கார ஒரு பெஞ்சு என்று போடச் சொன்னேன். உச்சி மொட்டையாக இருக்கிறதென்று அவன் தன் இஷ்டத்துக்கு ஒரு பித்தளைச் சொம்பைக் கவிழ்த்து வைத்தான். பார்க்கக் கோபுரக் கலசம் மாதிரி ஆகிவிட்டது; அதுதான் வினை. மறுநாள் காலை எதிர்வீட்டு ஆண்டாளம்மாள் மூன்று சுற்று வந்து விளக்கேற்றிவிட்டு, "இது இன்னா சாமி?" என்றாள். சாமி இல்லை, காற்று வாங்குகிற இடம் என்றேன்; நம்பவில்லை, வெள்ளிக்கிழமை ஏழு பேரோடு வந்தாள். அவர்களுக்குப் பயந்து கேட்டைப் பூட்டினால், வேலி வழியாகப் பக்கத்து வீட்டு மலர்க்கொடியின் ஆடு நுழைந்து பெஞ்சுக்கடியில் இரண்டு குட்டி போட்டது. குட்டி பார்க்க வந்த நூறு நாள் வேலைப் பெண்கள், நிழல் நன்றாயிருக்கிறதென்று தினமும் அங்கேயே சோறு தின்கிறார்கள். அதில் ஒருத்தி சொல்லி, கல்யாணம் நிச்சயமான ஜோடி ஒன்று போட்டோ எடுக்க வந்தது. லைட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றவன் நான்.

ஊரே உட்கார்ந்தாயிற்று. நான் ஒரே ஒரு நாள்தான் உட்கார்ந்தேன். பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. காற்றும் நன்றாகத்தான் அடித்தது. எழுந்து உள்ளே வந்துவிட்டேன். சாம்சன் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, பெஞ்சு சரியில்லியா?" என்றான்.

"பெஞ்சு நல்லாத்தான் கீது" என்றேன்.

குழந்தையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ புறப்பட்டு வா. பேத்திக்கு முத்தம், மற்றவர்களுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
புருஷோத்தமன்

பி.கு.: தபால் ஆபீஸ் வாசல்வரை போனேன்; கடிதத்தை மட்டும் அனுப்ப மனம் கேட்கவில்லை. மாடுகளை மலர்க்கொடியிடம் ஒப்படைத்துவிட்டேன். வியாழக்கிழமை புனே ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, திரும்ப டிக்கெட் எடுக்கவில்லை. கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிடுவேன். இது வந்து சேர்ந்தால் நீ பிரிக்காதே. ஸ்பீக்கர் இல்லாத இடமாகப் பார்த்து நானே படித்துக்காட்டுகிறேன்.