இடம் மாறிய இரண்டு வயர்கள்

எதற்கும் துணிந்தவன்தான் ஆண்பிள்ளை என்று லாரிக்காரர் அன்று காலை முடிவு கட்டினார். அதுவும் லாரியின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு. வீட்டுக்குள் நின்று அப்படியெல்லாம் முடிவு கட்டும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

விஷயம் இதுதான். மனைவியின் அண்ணன் தன் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார். கட்டி முடியும் வரை தங்கை வீட்டில்தான் வாசம். ஞாயிற்றுக்கிழமை போய் அவரையும் அவருடைய கட்டில், பீரோவையும் லாரியில் ஏற்றிவர வேண்டும். மச்சான் தங்கமான மனிதர். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கிளாரினெட் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார், அவ்வளவுதான். அவரைப் பொறுத்தவரை அது சங்கீதம். பக்கத்தில் இருப்பவர்களைப் பொறுத்தவரை, கதவிடுக்கில் பூனை மாட்டிக்கொண்ட சமாசாரம்.

லாரி இல்லாவிட்டால் மச்சான் எப்படி வருவார்? வேறு உறவினர் வீட்டைப் பார்ப்பார். ஆகவே லாரிக்காரர் அந்தப் பழைய பெட்ரோல் எஞ்சினில் பிளக்குகளுக்குப் போகும் வயர்களில் இரண்டைக் கழற்றி, இதை அதிலும் அதை இதிலுமாக மாற்றிச் செருகினார். சாவியைத் திருப்பினார்.

லாரி குளிர்ஜுரம் கண்டதுபோல் உதறியது. பிறகு புகைக்குழாய் வழியாக ஒரு வெடி. எதிர்வீட்டுத் தையல்காரர் மிஷினை விட்டு வாசலுக்கு ஓடிவந்தார்.

"என்னங்க அது, குண்டா?"

"பேக் ஃபயருங்க. நெருப்பு தப்பான நேரத்துல பிடிக்குது."

"என் ஊசியும் தப்பான நேரத்துல இறங்கிடுச்சு. ஒரு சட்டைக்குக் கையும் கழுத்தும் ஒண்ணாயிடுச்சு பாருங்க."

மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். "என்னாச்சு வண்டிக்கு?"

"கார்பரேட்டரா இருக்கும்." முகத்தை முடிந்தவரை தொங்கப்போட்டார். "இல்லேன்னா டைமிங். வால்வா இருந்தாலும் சொல்றதுக்கில்ல. வயசான வண்டி. ஒவ்வொண்ணாக் கழட்டிப் பார்க்கணும். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள நடக்கிற காரியமாத் தெரியல."

"அய்யோ பாவம்," என்றாள். வண்டியையா, அண்ணனையா, தன்னையா என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. திட்டம் பலித்த சந்தோஷத்தில் அன்று மத்தியானம் சாப்பாடு அமிர்தமாக இறங்கியது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது விசில் வேறு அடித்தார்.

மனைவி பாத்திரத்தை மூடி வைத்தாள்.

அங்கேதான் அந்த மனிதர் கோட்டைவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒன்று தெரியும். வண்டிக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லை என்றால் இவருக்குச் சோறு இறங்காது. ஒருமுறை பெல்ட் அறுந்ததற்கு இரண்டு நாள் பட்டினி கிடந்தவர். மகன் காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஒரு வேளையும் விடாமல் சாப்பிட்டார்.

சாயங்காலம் அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

"அண்ணன் போன் பண்ணாரு. இங்க வரலையாம்."

"ஏனாம்?" குரலில் துக்கம் வரவழைக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

"சித்தி மகன் வீட்டுல தங்கிக்கிறாராம். அவங்களே வண்டி அனுப்புறாங்களாம்."

"அடடா. நான் வேற அவர் கட்டிலுக்கு இடமெல்லாம் பார்த்து வச்சேன்."

"அதை விடுங்க. ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கப் போறோம், உங்க தூண்டிலை எடுத்துக்கிட்டு ஏரிப்பக்கம் போகலாமான்னு கேக்க நெனச்சேன். நானும் வரேன். ஆனா வண்டிதான் படுத்துடுச்சே. சரி, வீட்டுல உக்காந்து ஒட்டடை அடிப்போம்."

லாரிக்காரர் எழுந்தே விட்டார். "இரு. எனக்கு ஒரு சின்ன யோசனை தோணுது."

அந்த யோசனைக்கு ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. வயர்கள் அதனதன் வீடு போய்ச் சேர்ந்தன. சாவியைத் திருப்பினார். வெடி நின்றது.

"பார்த்தியா? கை வச்சா போதும்."

மனைவி பானெட் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "வெடிக்கல. ஆனா நடுங்குதே."

"அது எப்பவும் நடுங்கும்."

"அதைத்தான் போன வருஷத்துலேருந்து சொல்றேன். சிக்னல்ல நின்னா பல்லு கிடுகிடுன்னு ஆடுது. இப்படி நடுங்குற வண்டில நான் ஏரிக்கும் வரமாட்டேன், எங்கேயும் வரமாட்டேன்."

அவள் சொன்னது பொய்யில்லை. அவர் செய்த கோளாறு போய்விட்டது. வண்டி தானாகச் சேர்த்துவைத்த கோளாறு அப்படியே இருந்தது. ஓடும்போது நன்றாக ஓடும். நின்றால் உதறும். இன்றைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று அவர் தள்ளிக்கொண்டே வந்த வியாதி.

ஏரியும் தூண்டிலும் கண்முன் வந்தன. சட்டைக் கையை மடித்தார். ஓடுகிற எஞ்சினில் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி மாட்டினார். கழற்றியபோதெல்லாம் எஞ்சின் இன்னும் தள்ளாடியது. அப்படியானால் எல்லா பிளக்கும் வேலை செய்கிறது. பிளக் மேல் குற்றமில்லை. "வேகம் கொடுத்தா சரியாகுது, நின்னா உதறுது. அப்ப எங்கேயோ திருட்டுக் காத்து உள்ள போகுது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சின் மேல் டாக்டர் மாதிரி நகர்த்தினார். கார்பரேட்டருக்குக் கீழே வந்ததும் 'உஸ்' என்று ஒரு சத்தம். காற்றுக்குழாயின் முனை வெடித்துக் கிடந்தது. விரலால் பொத்தினார். எஞ்சின் சட்டென்று அடங்கியது.

வெடித்த முனையை வெட்டியெறிந்துவிட்டு, நல்ல இடத்தை மாட்டி, கவ்வியைப் போட்டு இறுக்கினார். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும் போலிருந்தது. நிஜமாகவே நெஞ்சு நிறைந்துவிட்டது மனிதருக்கு. தையல்காரரை வேறு கூப்பிட்டுக் காட்டினார். அவர் கேட்டுவிட்டு, "முன்னாடியே செஞ்சிருந்தா ஒரு சட்டை பிழைச்சிருக்கும்," என்று போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தூண்டில், வாளி, புழு டப்பா எல்லாம் ஏறின. மனைவியும் முன்சீட்டில் ஏறினாள்.

"கடைத்தெரு வழியாப் போங்க. ஒரு சாமான் எடுக்கணும்."

போனார். "இடது பக்கம்," என்றாள். திரும்பினார். "அந்த நீலக் கேட்டுக்கிட்ட நிறுத்துங்க."

நீலக் கேட்டை அவருக்குத் தெரியும். கேட்டுக்கு வெளியே கட்டிலையும் பீரோவையும் தெரியும். கட்டில்மேல் உட்கார்ந்து கையசைத்தவரையும் தெரியும்.

"அண்ணன் வரலைன்னு சொன்னியே?"

"சொன்னேன். நீங்க கார்பரேட்டர்னு சொன்னீங்க. நானும் ஒண்ணு சொன்னேன்."

லாரிக்காரர் இறங்கி, பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். தூண்டில் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

மச்சான் முன்சீட்டில் மனைவிக்கு அந்தப் பக்கம் வசதியாக உட்கார்ந்தார். மடியில் நீளமான கறுப்புப் பெட்டி. வண்டி கிளம்பியது. சிக்னலில் நின்றது. ஒரு சத்தமில்லை, ஒரு நடுக்கமில்லை.

"என்ன மாப்பிள்ளை, எஞ்சினை இப்படிக் கோயில் மாதிரி வச்சிருக்கீங்க," என்று மச்சான் பெட்டியைத் திறந்தார். "வீடு போற வரைக்கும் சும்மா எதுக்கு இருக்கணும்? வழியிலேயே கொஞ்சம் வாசிச்சுப் பார்க்கிறேன்."

லாரிக்காரர் ஒரே ஒரு வெடிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். எஞ்சின் வெண்ணெய்போல் ஓடிக்கொண்டிருந்தது.