பணம் போயிடுச்சு, ஆனா போய்ச் சேரல

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். கடன் ஆப்புல மாசத் தவணை கட்டணும்.

சங்கராபுரத்துல தையக்கடை வெச்சிருக்கேன். துணி ஓரம் அடிக்கற ஓவர்லாக் மெஷின் வாங்க அந்த ஆப்புலதான் கடன் எடுத்தேன். வூட்ல மட்டும் சீட்டுப் பணத்துல வாங்கினேன்னு சொல்லி வெச்சிருந்தேன். கெட்டிக்காரின்னு பேரு வாங்கணுமில்ல!

வெள்ளிக்கிழமை காலைல கட்டினேன். பணம் போயிடுச்சுன்னு பேங்க் மெசேஜும் வந்துச்சு. ஆப்பைத் தொறந்தா, "தவணை பாக்கி"ன்னு செவப்பு எழுத்துல மொறைக்குது.

போன் போட்டேன். ஒரு பொண்ணு தேனாப் பேசுச்சு.

"உங்க பணம் நடுவுல இருக்குங்க மேடம்."

"நடுவுலன்னா? உளுந்தூர்பேட்டைல டீ குடிக்க எறங்கியிருக்குதா?"

"இல்லீங்க. எங்களுக்காகப் பணம் வாங்கற கம்பெனி ஒண்ணு நடுவுல இருக்கு. அவங்க எல்லார் பணத்தையும் மொத்தமா அனுப்புவாங்க. யாரு கட்டினதுன்னு நாங்க ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்து கணக்குல ஏத்துவோம்."

"எப்ப ஏத்துவீங்க?"

"நாளைக்கும் நாளன்னிக்கும் லீவுங்க. திங்கக்கிழமை."

சனிக்கிழமை காலைல கடை வாசல்ல வசூல்காரர் வந்து நிக்கிறாரு! ஒத்துப் பாக்கறவங்களுக்கு லீவு. வெரட்டறவங்களுக்குக் கெடையாது. இன்னா கம்பெனியோ!

உள்ள நாலு பொம்பளைங்க அளவு குடுத்துக்கினு இருக்காங்க. பேங்க் மெசேஜை எடுத்துக் காட்டினேன்.

"என் லிஸ்ட்ல ஏறலியேக்கா"ன்னாரு.

"பணம் போயிடுச்சுங்க."

"போயிருக்கும்க்கா. வரல."

அதுக்குள்ள மூங்கில்துறைப்பட்டுலருந்து நாத்தனார் போன். கடன் வாங்கறப்ப தெரிஞ்சவங்க நம்பர் கேட்டானுங்கன்னு அவங்களோடதைக் குடுத்துத் தொலைச்சிருந்தேன்.

"இன்னாடி, நீ கடன் கட்டலன்னு எவனோ எனக்குப் போன் பண்றான்? சீட்டுப் பணம்னு சொன்னே?"

மானம் போச்சு! அந்தப் பதட்டத்துல, பெரிய அறிவாளி நான் இன்னா பண்ணேன்? வசூல்காரர் நீட்டின ஸ்கேன் அட்டைல இன்னொரு தபா தவணை கட்டினேன். அது அஞ்சே நிமிஷத்துல ஏறிடுச்சு. நாத்தனார் சொல்லி கடன் விஷயம் தெரிஞ்ச வூட்டுக்காரர் ரெண்டு நாளு என் மூஞ்சியையே பாக்கல.

திங்கக்கிழமை மொதல்ல கட்டினதும் போய்ச் சேந்துச்சு. ஒரே மாசத்துக்கு ரெண்டு தவணை! ஒண்ணைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டா, "எங்க கணக்குல ஜாஸ்தி எதுவும் காட்டலியே மேடம்"னாங்க.

கம்மியா இருந்தா ஒரே நாள்ல ஆளு அனுப்பறானுங்க. ஜாஸ்தியா இருந்தா கண்ணே தெரியாது!

தெனமும் போன் போட்டேன். பத்து நாளு கழிச்சு ஒருவழியா பணம் வந்துச்சு. மனசு கேக்காம அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டேன்.

"இத்தினி நாளு என் பணம் எங்கம்மா இருந்துச்சு?"

"எங்கயும் போவல மேடம். ப்ராசஸ்ல இருந்துச்சு."

மறுநாள் ஒரு டீச்சரம்மா கடைக்கு வந்து, போன மாசம் குடுத்த ஜாக்கெட் எங்கன்னு சண்டைக்கு நின்னாங்க. துணியை நான் இன்னும் பிரிக்கவேயில்ல.

"எங்கயும் போவல மேடம், ப்ராசஸ்ல இருக்குதுங்க"ன்னேன்.