சம்பந்தியம்மாள் கொப்பரையில் கிடைத்த கல்

நூரோட்டா,
வசந்த காலக் கடைசி வாரம்.

தாஷ்கண்டில் சீரும் சிறப்புமாக இருக்கும் அண்ணன் எர்காஷ் அவர்களுக்குத் தம்பி நார்முராத் பணிவுடன் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நாங்களும் ஆடுகளும் சுகம். அண்ணியின் முழங்கால் வலி குறைய ஐந்து வேளைத் தொழுகையிலும் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நிற்க. கனிமம் தேடும் வேலை பார்க்கும் என் மகள் மஹ்லியோவுக்கு மாப்பிள்ளை கிடைக்காது, அவள் கல்லைத்தான் கட்டிக்கொள்வாள் என்று பெருநாள் விருந்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னீர்களே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

மலையடிவாரத்துச் சனோபர் அம்மாள், நவ்ரூஸ் புத்தாண்டுக்குச் சுமலாக் கூழ் கிண்டுகிறோம், பெண்ணோடு வாருங்கள், மகன் சர்வாருக்குப் பிடித்தால் ரொட்டியைப் பிட்டு நிச்சயம் செய்துவிடலாம் என்று ஆள் அனுப்பினாள். மஹ்லியோ பாலைவன முகாமிலிருந்து லாரியில் வந்து இறங்கினாள். முகமெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. கிஸில்கும் பாலைவனம் முழுக்க நடந்தும் அவள் குழுவுக்கு ஒரு கனிமமும் அகப்படவில்லை, வசந்தம் முடிந்தால் முகாமைச் சுருட்டிவிட்டு எல்லோரும் அலுவலக நாற்காலிக்குப் போங்கள் என்று தலைவர் சொல்லிவிட்டாராம். அந்தத் துக்கத்தில் இருந்தவளிடம், "அங்க வந்து கல்லு மண்ணுன்னு வாயத் திறக்காதம்மா. பாட வருமான்னு கேட்டா வரும்னு சொல்லு" என்றேன். "எனக்குப் பாட வராதேப்பா" என்றாள். "யாரு பாடச் சொல்லப் போறாங்க" என்றேன். போனதும் பாடச் சொன்னார்கள். பாடினாள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

அடுத்து சுமலாக் வந்தது. முளைகோதுமைக் கூழ் அடிபிடிக்காமலிருக்கப் போடும் கூழாங்கல், யார் கிண்ணத்தில் வருகிறதோ அவர் நினைத்தது நடக்கும் என்பார்களே, அது இவள் கிண்ணத்தில் வந்தது. "நெனச்சுக்கோ, நெனச்சுக்கோ" என்று பெண்கள் கூச்சலிட, இவள் கல்லை வாயில் போட்டுச் சப்பினாள், உள்ளங்கையில் துப்பினாள், மறுபடி நக்கினாள், பட்டு முக்காட்டுக்குள்ளிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். "பொண்ணு நேத்திலேருந்து சாப்பிடலையா?" என்று சனோபர் அம்மாள் என் காதருகே கேட்டாள். கூழ் அவ்வளவு ருசி என்று சமாளித்தேன்.

"அத்தை, இந்தக் கல்ல எங்கேருந்து எடுத்தீங்க?"

"பின்னாடி ஓடையிலேருந்துதான். கழுவித்தான் போட்டேன்."

"மிச்சக் கல்லு?"

"கொப்பரையில கிடக்கு. கொஞ்சம் அவங்கவங்க கிண்ணத்துல."

அவ்வளவுதான், அண்ணா, முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு அகப்பையால் கொப்பரையைத் துழாவினாள், விருந்தாளிகளின் கிண்ணத்திலெல்லாம் கைவிட்டாள், இமாமிடம் போய், "வாயில இருக்கறதத் துப்புங்க" என்றாள். துப்பினார். "இவ பொண்ணு காட்ட வந்தாளா, தூர் வார வந்தாளா?" என்று சனோபர் அம்மாள் நிச்சயத்துக்கு வைத்திருந்த ரொட்டியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். நான் கிளம்புவதற்குத் தொப்பியைத் தேடினேன். அதுவரை வாயே திறக்காத சர்வார் எழுந்து, "அம்மா, கடப்பாரை எங்க?" என்றான்.

இருவரும் ஓடையில் ஏற, ஊரே பின்னால் ஏறியது. மஹ்லியோ வழியெல்லாம் கல்லை உடைத்துப் பார்த்துக்கொண்டே போய், துருக்கறை படிந்த ஒரு வெள்ளைப் பாறைப் பட்டையின் முன் நின்றாள். சர்வார் கடப்பாரையால் ஒரு துண்டைப் பெயர்த்துக் கொடுத்தான். அவள் அதையும் நக்கிவிட்டுக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். "தங்கம் அத்தை" என்று கண்ணாடியை நீட்டினாள். எள்ளளவுகூட இல்லாத மஞ்சள் புள்ளி.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? என் தங்கப் பல்லுல இதவிட அதிகமா இருக்கு" என்றாள் சனோபர் அம்மாள். "பல்லு தேயும் அத்தை. இது மலைக்குள்ள போகுது" என்றாள் என் மகள். சனோபர் அம்மாள் பாறையைப் பார்த்தாள், கடப்பாரையோடு நின்ற மகன் முகத்தைப் பார்த்தாள், ரொட்டியை அந்தப் பாறைமேலேயே வைத்து இரண்டாகப் பிட்டாள்.

முகாமைச் சுருட்டவில்லை, அண்ணா, ஓடைக்கரைக்கு மாற்றிவிட்டார்கள். துளையிட்ட இடத்திலெல்லாம் தங்கம் இருக்கிறதாம். தலைவர் ஊரார் முன்னிலையில் தொப்பியைக் கழற்றி, "உங்க பொண்ணால எங்க எல்லார் வேலையும் பொழச்சுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இலையுதிர் காலத்தில் திருமணம். அவசியம் வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். அண்ணிக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு என் ஆசிகளும்.

தங்கள் அன்புத் தம்பி,
நார்முராத்

பி.கு.: தங்கம் ஓடும் பட்டை சனோபர் அம்மாள் வீட்டுக்கு அடியில் போகிறதாம். முகாம்காரர்கள் புது வீடு கட்டித் தரும்வரை மருமகள் வீடுதான் தன் வீடு என்று சொல்லி, கொப்பரை, கோழிகள் சகிதம் இன்று காலை இங்கே வந்து இறங்கிவிட்டாள். என் கட்டிலில் படுத்திருக்கிறாள். தாஷ்கண்டில் எனக்கு ஒரு கட்டில் போட இடம் இருக்குமா? பதிலுக்குக் காத்திராமல் புறப்பட்டுவிட்டேன்.