பாதிச் சவரத்தில் ஒரு பாட்டு

காலையிலிருந்து மூன்றாவது ஆளும் நாற்காலியிலேயே குறட்டை விட ஆரம்பித்தபோது, சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். தூங்குகிற தலை எப்போது எந்தப் பக்கம் சாயும் என்று யார் கண்டது?

எல்லாம் தாலாட்டு செய்த வேலை. போன வாரம் முடிவெட்ட வந்து வீறிட்டு அழுத ஒரு கைக்குழந்தைக்காக ஒரே ஒரு தாலாட்டைப் போட்டார். அவ்வளவுதான். போனில் இருந்த பாட்டு ஆப் அவரைப் பிள்ளை பெற்றவள் என்றே முடிவு கட்டிவிட்டது. அன்றிலிருந்து ‘உங்களுக்காக’ என்று அது அள்ளிக் கொடுத்ததெல்லாம் ஆராரோதான்.

எதிரே புது சலூன் திறந்து இரண்டு மாதம். இவருடைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் நழுவுவதைத் தெருவே பார்த்தது. இவர் மட்டும் பார்க்காத மாதிரி சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆப்புக்குப் புத்தி வரட்டும் என்று நாள் முழுக்க மேளம் அதிரும் பாட்டாகப் போட்டார். தூக்கம் போனது வாஸ்தவம். ஆனால் தாளத்துக்குத் தலையாட்டிய தபால்காரரின் மீசையும் ஒரு பக்கம் போனது. இப்போதெல்லாம் அவர் கடிதத்தை வாசலில் விட்டெறிந்துவிட்டுப் போகிறார்.

கடைசியில் மனைவிதான் வழி சொன்னாள். “மெஷின் எதுக்கு உங்களுக்குப் பாட்டுப் பொறுக்கணும்? நாலு பேர் சேர்ந்து நடத்துற பொது ஆப் ஒண்ணு இருக்கு. உங்களை வேவு பாக்காது. நீங்களே பட்டியல் போடலாம், யார் வேணும்னாலும் எடுத்துக் கேக்கலாம்.”

சொந்தப் பெயரைப் போடக் கூச்சப்பட்டு, ‘காதுக்கினியவன்’ என்ற பெயரில் பட்டியல் போட ஆரம்பித்தார். அங்கேதான் மனிதர் குப்புற விழுந்தார். கேள்விப்படாத பாடகர்கள், எந்தக் கம்பெனியும் சீந்தாத பாட்டுகள். இதற்கு அடுத்து எது பொருந்தும் என்று, கன்னத்தில் நுரை காயக் காய யோசிப்பார். காய்ந்தது அவர் கன்னத்தில் இல்லையே.

“தம்பி, பாதி முகத்தோட கிளாசுக்குப் போனா பசங்க என்னைச் சும்மா விடுவாங்களா?” என்றார் கால் மணி நேரமாகக் காத்திருந்த வாத்தியார்.

“இருங்க சார், இந்த இடத்துல ஒரு வயலின் வந்தாத்தான் எடுபடும்.”

வாத்தியார் கழுத்துத் துண்டோடேயே எதிர்க்கடைக்கு நடந்தார். பெஞ்சில் இருந்தவர்களும் பின்னாலேயே எழுந்து போனார்கள். அடுத்த வாரம் கடையில் கண்ணாடியும் அவரும்தான் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர்க்கடையில் பாட்டெல்லாம் பிரமாதமாமே என்று பழக்கடைக்காரி வேறு வந்து விசாரித்துவிட்டுப் போனாள். அதுதான் தாங்கவில்லை. தான் பொறுக்கியதைவிடவா? தன் முடியைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது என்ற நல்ல சாக்கோடு எதிர்க்கடைக்குள் போய் உட்கார்ந்தார். மூலையிலிருந்த வாத்தியார் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஓடியது தெரிந்த பாட்டு. அடுத்ததும் தெரிந்தது. அதற்கடுத்து எது வரும் என்பதும் தெரிந்தது.

“இதெல்லாம் நீயே தேடி எடுக்குறதா, தம்பி?” என்றார்.

“நமக்கு ஏதுண்ணே நேரம்?” என்றான் எதிர்க்கடைக்காரன், கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமலே. “எவனோ காதுக்கினியவனாம், வேலைவெட்டி இல்லாதவன், நாள்பூரா உக்காந்து பொறுக்கிப் போடுறான். அவன் புண்ணியத்துல நாம நிம்மதியா முடி வெட்டுறோம்.”