முதலாளி எனக்கு அண்ணன் ஆன விதம்

ஓடைப்பட்டி,
ஞாயிறு மத்தியானம்.

பாசமுள்ள முத்துப்பாண்டி அண்ணனுக்கு, தங்கை ஜோதிலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரரும் வேல்விழிக்குட்டியும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலி தேவலையா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நம் தோட்டத்துப் பன்னீர் திராட்சை ஒரு பெட்டி பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறேன். போனில் சொன்னால் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள், அதனால்தான் கடிதம்.

அண்ணே, எனக்கு ஒரு விஷயம் ஆச்சரியமாக இருக்கிறது. நான் திராட்சைக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். மருந்தடித்துப் போதிய நாள் கழித்துப் பறித்த பழம்தான் என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் லோடு கிளம்பும். இதில் நெருக்கடி வரும், ஜாக்கிரதை என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். மேஜையைத் தட்டுவார்கள், வேலையை விட்டுத் தூக்குவேன் என்பார்கள் என்று நானும் காத்துக்கொண்டே இருந்தேன். அது அப்படி வரவே இல்லை அண்ணே! "சாப்பிட்டியா தாயி?" என்றுதான் வந்தது. கேட்டது எங்கள் முதலாளி ஈஸ்வரபாண்டி. மறுவாரம் அவர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் அயிரை மீன் குழம்பு வந்தது. அப்புறம் என் இடுப்பு வலிக்குத் தைலம். மேடமாக இருந்த நான் தாயியாகி, கடைசியில் தங்கச்சியும் ஆகிவிட்டேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனா இந்த மனுசன் எதுக்கு இம்புட்டுப் பிரியமா இருக்காருன்னு உள்ளுக்குள்ள ஒரு குறுகுறுப்பு.

வியாழக்கிழமை ஒரு லோடு வந்துச்சு. பெட்டியத் தொறந்தா மருந்து நெடி மூக்கத் தொளைக்குது. முந்தாநேத்து அடிச்சதுன்னு தோட்டக்காரரே ஒத்துக்கிட்டாரு. வாசல்ல கேரளா லாரி நிக்குது. முதலாளி பக்கத்துல வந்து, "ஒரு சின்னக் கையெழுத்துதான தங்கச்சி, அண்ணனுக்காகப் போட மாட்டியா?"ன்னாரு. நான் பேனாவ மூடுனேன். "வேல்விழி காதுகுத்துக்கு ஒங்கண்ணனுக்கு லீவு கெடைக்கலைன்னா கவலப்படாத, எம் மடியில வச்சுக் குத்துவோம்"னாரு பாருங்க, அங்கனதான் சுருக்குன்னுச்சு. அடப்பாவி, ஒரு லோடு திராட்சைக்குத் தாய்மாமன் மடியவே வெல பேசுறாரே! "சரிண்ணே, இந்தப் பெட்டியில இருந்து ஒரு கொத்து எடுத்து ஒங்க பேத்திக்கு ஊட்டுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்"னேன். அவரு பழத்தப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு, "ஏலே, லாரியத் திரும்பிப் போகச் சொல்லு"ன்னுட்டு உள்ள போயிட்டாரு.

அன்றிலிருந்து அவர் என்னைச் சாப்பிட்டியா என்று கேட்பதில்லை. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அழுகையும் வருது, அதவிட இதை யோசிச்சுப் பார்க்கத்தான் ஆசையா இருக்கு. இந்த நெருக்கடி இருக்கே, அது முதல்ல நலம் விசாரிக்குது, திங்கக் குடுக்குது, மொற சொல்லிக் கூப்பிடுது, கடேசியில "சின்ன"ங்குற வார்த்தையோட வந்து நிக்குது. நீங்க வண்டி சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டராச்சே, ஒங்களுக்கும் இப்படித்தான் வருமா? எவன் பாசமாப் பேசுனாலும் உசாரா இருங்கண்ணே, தப்பான எடத்துல மட்டும் கையெழுத்துப் போட்டுறாதீக.

வருகிற மாதம் மலைமேல் இருக்கிற எங்கள் குலசாமி கோயிலில் காதுகுத்து. வேல்விழி உங்கள் மடியில்தான் உட்காருவாள், வேறு எவன் மடியும் வேண்டாம். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். அந்தச் சாமி உங்களை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை
ஜோதிலட்சுமி

பி.கு.: அண்ணே, திராட்சை இனிப்பா இருந்துச்சா? ஒரு சின்ன விஷயம். எங்க வீட்டுக்காரரு, அதான் ஒங்க மாப்பிள்ளையோட வேன் வர்ற வெள்ளிக்கிழமை ஒங்க ஆபீசுக்குத்தான் எஃப்.சி.க்கு வருது. பிரேக்கு லேசா ஒரு பக்கமா இழுக்கும், அவ்வளவுதான். தங்கச்சிக்காக ஒரு கையெழுத்துப் போட்டு விட்டுருங்க. காதுகுத்துக்கு ஒங்களையும் அண்ணியையும் மலைக்கு அந்த வேன்லதான் கூட்டிட்டுப் போகப் போறாரு.