நிஷாந்தினி வரிக் கந்தோர் ஏறிய படலம்

மகாவலி வளைந்து செல்லும் கட்டுகஸ்தோட்டையில், புடவைக்கடைக்கும் போன் கடைக்கும் நடுவே, தெருவைப் பார்த்து வாசல் வைத்த ஒற்றை அறையில் வீற்றிருந்து, ஊசியே வேலாக, கத்தரியே வாளாக ஏந்தி, கிழிந்தவற்றைச் சேர்த்தும் தொளதொளத்தவற்றை இறுக்கியும், பள்ளிக்கூடக் கவுன் முதல் கலியாண இரவிக்கை வரை அருள்பாலித்துவரும் அம்மணியைப் பாடப் புகுந்தோம்! பிறந்த நாள்தொட்டு இரு கால்களும் ஒத்துழைக்க மறுத்துவிட்டபோதும், சக்கர நாற்காலியே தேராகக் கடைத்தெருவை ஆள்பவளை, செத்தவீட்டிலும் சிரிப்பை அடக்கத் தெரியாதவள் என்று சொந்தக்காரர்கள் தலையிலடித்துக்கொள்ளும் நிஷாந்தினியைப் பாடப் புகுந்தோம்! ஆனைமுகத்தோனே, முன்னின்று காப்பாய். எங்களுக்கு மூச்சை மட்டும் கொஞ்சம் தாராளமாகக் கொடு. இந்தக் கதையில் படிகள் அதிகம்.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். நிஷாந்தினியின் தந்தை ராஜலிங்கம், கண்டி நகரத்து இரும்புக்கடை ஒன்றில் ஆயுள் முழுக்க ஆணி நிறுத்து விற்ற புண்ணியவான், கண்ணை மூடுமுன் தெல்தோட்டையில் இருந்த துண்டுக் காணியை விற்று, அந்தக் காசை வங்கியில் போட்டு, அதன் வட்டி மாதாமாதம் மகள் கைக்கு வரும்படி ஒரு ட்ரஸ்ட் எழுதிவைத்தார். அதற்குக் காவலர் இருவர். ஒருவன் மூத்த மகன் ஜெயராஜ், மடுல்கெல்லைத் தோட்டப் பள்ளியின் ஆசிரியன், வகுப்பறையில் சிங்கம், வெளியே கொஞ்சம் முயல். மற்றவர் ராஜலிங்கத்தின் உயிர்நண்பர், கலகெதரப் புடவை வியாபாரி பாயிஸ் நானா; எந்தப் பேரத்திலும் தோற்காதவர், தம்முடைய முழங்காலிடம் மட்டும் நாள்தோறும் தோற்பவர்.

ஆனால் சட்டத்தின் கண் இருக்கிறதே, அது நம் கண்போன்றதல்ல! அது நிஷாந்தினியைக் காணவில்லை. அவளுக்கும் வங்கிக்கும் நடுவே ட்ரஸ்ட் என்னும் பெயருடைய ஒரு கண்காணா மகாபுருஷனைக் கண்டது. அம்மகாபுருஷன் உண்பதில்லை, உடுப்பதில்லை, மழைக்கு ஒதுங்குவதில்லை. ஆகவே அவனுக்குச் செலவே கிடையாது, பெரும் பணக்காரன் என்று முடிவுகட்டி, வட்டி வந்து விழும் ஒவ்வொரு தடவையும் வரியென்னும் வாளால் அதில் ஒரு கண்டத்தை வெட்டி எடுத்துக்கொண்டது. மகாபுருஷனுக்கு வலிக்கவில்லை. நிஷாந்தினிக்கு வலித்தது.

எப்படி வலித்தது? அந்த வட்டிதான் அவளுடைய அறைக்கு வாடகை. அது குறைந்தால் அறை போகும். அறை போனால் மடுல்கெல்லையில் அண்ணன் வீடு. அண்ணன் தங்கமானவன், அண்ணி அதிலும் தங்கம். ஆனால் அந்த வீடு தேயிலை மலையின் இடுப்பில், கற்படிகளுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே போய்விட்டால் ஒரு பால் பாக்கெட் வாங்கவும் யாராவது இரண்டு பேர் வந்து தூக்கவேண்டும். இங்கேயோ, பாயிஸ் நானா வாசலில் போட்டுக்கொடுத்த சரிவுப் பலகையில் அவள் தானே உருண்டு இறங்குவாள், தானே பூட்டுவாள், சாவி அவளுடைய இடுப்பிலேயே இருக்கும். இடுப்பில் தொங்கும் அந்தச் சின்னச் சாவிக்காகத்தான், மகாசனங்களே, இந்த மகாயுத்தம்.

“இது ட்ரஸ்டின் வருமானமல்ல, இவளுடைய வருமானம், இவளுக்கு வரி கட்டுமளவு வருமானம் இல்லை” என்று காவலர் இருவரும் விண்ணப்பம் எழுதினர். மேலிடத்திலிருந்து மறுமொழி வந்தது: பயனாளி உடல் ஏலாதவரென்றால் அவ்வாறே கொள்ளலாம், ஆனால் அதைக் காட்ட அவர் அதிகாரி முன்னிலையில் நேரில் தோன்றவேண்டும். கந்தோர் என்னும் அந்த வரி அலுவலகமோ, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால், வெள்ளைக்காரன் கட்டிவிட்டு மறந்துபோன ஒரு கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது.

போருக்குப் புறப்படுமுன் கோலம் பூணுதல் மரபல்லவா? இங்கேதான் நம்மவர் தவிர வேறெவரும் செய்யமுடியாத பிழையொன்று நிகழ்ந்தது. அரசாங்கக் காரியத்துக்கு வெறுங்கழுத்தோடு போகக்கூடாதென்று அண்ணி தன் கலியாண அட்டியலையும் கல்லு வளையல்களையும் பெட்டியோடு கொடுத்தனுப்பியிருந்தாள். மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலை, தலைநிறைய மல்லிகை, நெற்றியில் பெரிய பொட்டு. இவ்வாறு ஆயிரம் மின்விளக்குப் போட்ட சப்பரம்போல் அவளைச் சோடித்து முடித்தபின், பாயிஸ் நானா காதருகே குனிந்து இரகசிய மந்திரம் ஓதினார்.

“மகள், மேல போனதும் கொஞ்சம் வாட்டமா இரிங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் வந்தாலும் நல்லம்.”

“தயவுசெஞ்சு சிரிச்சிடாத தங்கச்சி” என்று ஜெயராஜ் கையெடுத்துக் கும்பிட்டான்.

“நீங்க சிரிக்க வைக்காம இருங்க, அது போதும்” என்றாள் நிஷாந்தினி. சொல்லும்போதே கன்னத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதை அதட்டி உள்ளே அனுப்பினாள்.

கட்டடத்தின் அடிவாரத்தில் மின்தூக்கி ஒன்று இருக்கத்தான் செய்தது. அதன் கதவைத் திறந்தபோது, உடைந்த மேசைகளும் காலொடிந்த அலுமாரியும் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே குடியிருந்தன. சக்கர நாற்காலியோ இரும்பால் ஆனது. அவளோடு சேர்த்து அதைத் தூக்கப் பீமசேனன் வேண்டும். உடனே பாயிஸ் நானா, போர்க்களத்தில் பகைவனின் குதிரையைக் கவரும் தளபதியென, பக்கத்துத் தேநீர்க்கடையிலிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைக்காரன் கணேஸ் அப்போது ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தான். “இப்ப கொண்டாறேன்” என்று நானா சொன்னது சட்டியின் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை. நிஷாந்தினி அதில் அமர்ந்தாள். தேர் கீழேயே நின்றது.

“பிஸ்மில்லாஹ்!” என்றார் பின்னால் பிடித்த நானா. “முருகா!” என்றான் முன்னால் பிடித்த ஜெயராஜ். இரு தெய்வங்களும் ஒருசேர அழைக்கப்பட்டதால், யார் போவதென்று அவர்கள் மேலே பேசித் தீர்ப்பதற்குள், கதிரை எழும்பிவிட்டது.

ஆகா, அந்த ஏற்றத்தை எந்த நாவால் உரைப்போம்! முதல் மாடி வரை வீரம் இருந்தது. அதற்குமேல் மூச்சு மட்டும் இருந்தது. ஜெயராஜின் மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுக்கி மீசையில் வந்து தங்கியது. நானாவின் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு சத்தம் எழுப்பியது. திருப்பத்தில் வந்து நின்றபோது, முகம் முன்னோக்கி ஏற்றுவதா, முதுகு முன்னோக்கி ஏற்றுவதா என்ற மாபெரும் தத்துவ விவாதம் மூண்டு, இருவரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் திருப்ப, கதிரை தட்டாமாலை சுற்றி மீண்டும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. கோப்புக்கட்டுகளோடு இறங்கிவந்த ஒரு பெண்மணி, சாமி வருகிறதென்று நினைத்தாளோ என்னவோ, செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

போதாதா? நிஷாந்தினிக்கு வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு புறப்பட்டது. உதட்டைக் கடித்தாள், பயனில்லை. செத்துப்போன அப்பாவை நினைத்தாள். அப்பாவும் அங்கே சிரித்துக்கொண்டிருந்தார். வாடகையை நினைத்தாள், மடுல்கெல்லைக் கற்படிகளை நினைத்தாள், ஒரு கணம் சிரிப்பு உண்மையாகவே அடங்கியது. அப்போது பார்த்து நானாவின் முழங்கால் “டக்” என்றது. அவ்வளவுதான்! மல்லிகை உதிர, வளையல் குலுங்க, அட்டியல் துள்ள அவள் சிரித்த சிரிப்பில் கதிரையும் ஆடியது, தூக்கியவர்களும் ஆடினர்.

“சிரிக்காதடி, கை வழுக்குது!” என்று ஜெயராஜ் அலற, அதற்கும் சிரித்தாள். இந்த இலட்சணத்தில்தான், ஐயன்மீர், அவர்கள் உச்சி மாடியை அடைந்தனர்.

அங்கே மேசைக்குப் பின்னால், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து கண்டிக் குளிரில் சுவெட்டரோடு கோலோச்சும் அதிகாரி குகதாசன், சட்டத்தில் எழுதியதை அணுவளவும் மீறாத நீதிமான், வந்தவர்களை ஏறெடுத்து நோக்கினார். அவர் கண்ட காட்சி யாது? சுவரில் சாய்ந்து, கண் செருகி, கால்பரப்பித் தரையில் கிடக்கும் ஓர் ஆண்மகன். வாங்குப் பலகையில் சரிந்து முழங்காலைத் தடவிக்கொண்டு “அல்லாஹ்வே” என்று முனகும் ஒரு பெரியவர். நடுவே, கதிரையில் நிமிர்ந்து அமர்ந்து, பட்டும் பொன்னும் பளபளக்க, முந்தானையால் வாயைப் பொத்திக் குலுங்கும் ஒரு பெண்.

அதிகாரியின் முகம் கனிந்தது. எழுந்துபோய், தரையில் கிடந்த ஜெயராஜுக்குத் தம் போத்தல் தண்ணீரைக் கொடுத்தார்.

“விளங்குது, விளங்குது. இவருக்குத்தானே இந்த ட்ரஸ்ட்? பாத்தாலே தெரியுது” என்று இரங்கிவிட்டு, நிஷாந்தினி பக்கம் திரும்பினார். “நீங்கள் இவையின்ர லோயரோ?”

ஜெயராஜ் மறுக்கத்தான் பார்த்தான். குரல் வரவில்லை, ஒரு விரலைத் தூக்கித் தங்கையைக் காட்டினான். இன்னும் தண்ணீர் கேட்கிறான் என்று அதிகாரி மறுபடியும் போத்தலை நீட்டினார்.

“சேர், அந்தப் பயனாளி நான்தான்” என்றாள் நிஷாந்தினி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சொட்டுக் கண்ணீர் வந்திருந்தது. ஆனால் தவறான காரணத்துக்கு வந்திருந்தது. அதிகாரியின் கனிவு மறைந்தது. அட்டியலைப் பார்த்தார். வளையலைப் பார்த்தார். சிரிப்பின் மிச்சத்தைப் பார்த்தார்.

“இவ்வளவு நாளில கால் ஏலாத ஆக்கள் ஒருத்தரும் இந்தக் கந்தோருக்கு வரேல்ல. வாற ஆக்கள் எல்லாரும் படி ஏறித்தான் வாறவை. நீங்களும் மேல வந்திட்டியள்தானே? எழும்பி வந்து இதில கையெழுத்து வையுங்கோ.”

பாயிஸ் நானாவின் முகம் சுண்டிப்போயிற்று. நிஷாந்தினியின் கை தானாக இடுப்புச் சாவிக்குப் போனது. சிரிப்பு எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. எல்லாம் போச்சு என்றே நினைத்தாள்.

அக்கணத்தில் படிக்கட்டு அதிர்ந்தது! கையில் ரொட்டிக் கரண்டியேந்தி, கண்ணில் கனல் பறக்க, கதிரை கவரப்பட்ட செய்தி கேட்டு மாடி மாடியாகத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தான் தேநீர்க்கடைக் கணேஸ்.

“அக்கா, அது எங்க கடைக் கதிரை! நீங்க மேல ஒக்காந்திருக்கீங்க, கீழ ஆளுங்க நின்னுக்கிட்டுச் சாப்புடுறாங்க!”

குகதாசன் நீதிமான் அல்லவா? பிறர் பொருள் பிறரிடம் இருப்பதை அவர் பொறுப்பாரா? “அவற்ற கதிரையை அவரிட்டக் குடுங்கோ. இஞ்ச இன்னொண்டு கிடக்கு, இதில மாறி இருங்கோ” என்று தீர்ப்பளித்தார்.

“சரி சேர். எங்க ஆளுங்க ரெண்டு பேரும் விழுந்துட்டாங்க. நீங்க ஒரு பக்கம் புடிங்க, இந்தத் தம்பி ஒரு பக்கம் புடிக்கட்டும்.”

என்ன சொல்கிறாள் என்று விளங்காமலே அதிகாரி குனிந்தார், அவளைத் தாங்கினார். பட்டுச்சேலைக்குள் பஞ்சுபோல் தொங்கிய கால்கள் அவர் மணிக்கட்டில் பட்டன. ஒரு கதிரையிலிருந்து மறு கதிரைக்கு ஒரு முழம்தான் தூரம். அந்த ஒரு முழத்துக்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. நிமிர்ந்து, தரையில் கிடந்த ஜெயராஜைப் பார்த்தார். பிறகு படிக்கட்டை எட்டிப் பார்த்தார்.

“கடவுளே! இதாலயோ தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?”

“இன்னிக்கு ஒரு நாள் பரவாயில்ல சேர்” என்றாள் நிஷாந்தினி. “ட்ரஸ்ட் சாப்புடாது, நான்தான் சாப்புடுறேன். வாடகை கட்ட முடியாம அண்ணன் வீட்டுக்குப் போனேன்னா, எனக்குத் தெனமும் இந்தப் படிதான்.”

சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. ஜெயராஜ் தலை குனிந்துகொண்டான். கணேஸ் கதிரையைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

குகதாசன் தம் ஆசனத்துக்குத் திரும்பவில்லை. பேனாவும் தாளும் அவளிருந்த இடத்துக்கு வந்தன. அவள் ஒப்பமிட்டாள், அவரும் கீழே ஒப்பமிட்டு, திணைக்கள முத்திரையை இடியென இறக்கினார். கண்காணா மகாபுருஷன் அன்றோடு ஒழிந்தான்! வட்டி நிஷாந்தினியின் வருமானமே என்றும், அதில் வாள் படலாகாது என்றும் வங்கிக்கு ஓலை எழுதப்பட்டது. பாயிஸ் நானா இரு கைகளையும் ஏந்தித் துவா கேட்டார். ஜெயராஜ் எழுந்து நிற்க முயன்று, இன்னும் கொஞ்சம் கழித்து நிற்கலாமென்று தீர்மானித்தான்.

“ஆனா, வருசம் ஒருக்கா அதிகாரிக்கு முன்னால வந்து காட்டவேணும்” என்றார் குகதாசன்.

காவலர் இருவரும் ஒருசேர முனகினர்.

“பொறுங்கோ, பொறுங்கோ. அதிகாரிக்கு முன்னால எண்டுதான் எழுதியிருக்கு. எந்த மாடி எண்டு இல்லை. அடுத்த முறை தம்பியின்ர கடையில இருங்கோ. நான் இறங்கி வாறன்.”

பிறகென்ன! அதே சிவப்புக் கதிரையே வெற்றிச் சிவிகையாக, நானா ஒரு பக்கம், ஜெயராஜ் ஒரு பக்கம், ரொட்டிக் கரண்டியை வாயில் கவ்வியபடி கணேஸ் ஒரு பக்கம், சுவெட்டரைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு அதிகாரியே ஒரு பக்கம் பிடிக்க, மாடிதோறும் எழுதுவினைஞர்கள் எட்டிப் பார்க்க, நானாவின் முழங்கால் முரசு முழக்க, பொன்னொளிர, பூவுதிர, யாரும் தடுக்காத தன் பெருஞ்சிரிப்பை மனங்கொண்ட மட்டும் சிரித்தபடி, கண்டி மாநகரம் கண்டறியாத அந்த ஊர்வலத்தில் இறங்கிவந்தாள் எங்கள் கோமகள். தேநீர்க்கடை வாசலில் அனைவர்க்கும் பிளேன்டீயும் ரொட்டியும் பரிமாறப்பட்டு, கதிரை உரியவனிடம் ஒப்படைக்கப்பட்டு, தேரேறி, கட்டுகஸ்தோட்டை மீண்டு, சரிவுப் பலகையில் தானே உருண்டேறி, மகாவலித் தென்றல் முன்னின்று வரவேற்க வாயிலை அடைந்தாள் அந்த வாகைசூடி!

பிறகு இடுப்பிலிருந்த சாவியால் கதவைத் திறந்து, நாளைக்குக் கொடுக்க வேண்டிய பள்ளிக்கூடக் கவுனுக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தாள்.